ஒரே ஓபரா, இத்தனை எண்கள்: ஒலிப்பதிவின் அடையாளக் குறியீடுகளை வாசிப்பது எப்படி?

வாக்னரின் 'தாஸ் ரைன்கோல்ட்' ஓபராவை ஜார்ஜ் ஷோல்டி, வியன்னா ஃபில்ஹார்மானிக் குழுவுடன் 1958இல் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். ஓபராவை ஒலிப்பதிவில் கேட்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பதிவு இது. ஆனால் இதைத் தேடிப் போனால் தலை சுற்றும். முதலில் வந்த ஸ்டீரியோ எல்பி எஸ்எக்ஸ்எல் 2101-3. அதன் மோனோ வடிவம் எல்எக்ஸ்டி 5495-7. பின்னாளில் மறுவெளியீடாக வந்தது எஸ்இடி 382-4. சிடி காலத்தில் 414 101-2. 1997இல் வந்த முழு 'ரிங்' (ரைன்கோல்டில் தொடங்கும் நான்கு ஓபராக்களின் தொடர்) பெட்டி 455 555-2, 2012இல் வந்த பெட்டி 478 3702. ஸ்ட்ரீமிங் செயலியில் தேடினால் இதே பதிவு வெவ்வேறு அட்டைப்படங்களோடு வரிசையாக வந்து நிற்கிறது. சிலவற்றில் டெக்காவின் பெயரே இல்லை.

இவற்றில் எது எதற்கு நிகர்? எதில் புதிய ஒலி, எதில் புதிய அட்டை மட்டும்? எண்களை வைத்தே இதைக் கண்டுபிடிக்க முடியும். ஒவ்வொரு எண்ணும் எந்தப் பொருளுக்கு வைத்த பெயர் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான்கு அடுக்குகள்

1. இசைப்படைப்பு. மோட்சார்ட் எழுதிய 'டான் ஜொவான்னி' என்ற படைப்பு. மோட்சார்ட் படைப்புகளுக்குக் கோகெல் தயாரித்த பட்டியலில் 527 என்பது இதற்கான எண். யார் பாடினாலும், பதிவே ஆகாவிட்டாலும், அந்த எண் அப்படியே இருக்கும். பதிப்புரிமைச் சங்கங்கள் பயன்படுத்தும் ஐஎஸ்டபிள்யூசி-யும் இந்த அடுக்கைச் சேர்ந்தது. 'டி' என்ற எழுத்து, 9 இலக்கங்கள், ஒரு சரிபார்ப்பு இலக்கம் என்பது அதன் அமைப்பு.

2. ஒலிப்பதிவு. குறிப்பிட்ட பாடகர்கள் குறிப்பிட்ட நாளில் பாடி, பதிவான ஒலி. பழைய 78 சுற்றுத் தட்டுகளில், தட்டிலேயே பொறித்த மேட்ரிக்ஸ் எண் இதைச் சுட்டியது. இன்று ஐஎஸ்ஆர்சி என்ற பன்னாட்டு ஒலிப்பதிவு எண் சுட்டுகிறது.

3. வெட்டும் அச்சும். அந்த ஒலியிலிருந்து தட்டு அச்சிடத் தயாரான மூலத்தகடு, அதிலிருந்து எடுத்த அச்சுகள். எல்பி-யின் மேட்ரிக்ஸ் எண்ணும், சிடி-யின் உள்வளையத்தில் 'ஐஎஃப்பிஐ' (ஒலிப்பதிவு நிறுவனங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு) என்று தொடங்கும் நுண்ணெழுத்துகளும் இந்த அடுக்கு.

4. வெளியீடு. கடையில் விற்ற பொட்டலம். பட்டியல் எண், பார்கோடு இரண்டும் இங்கே.

மேலே ரைன்கோல்டுக்குக் கொடுத்த எண்கள் ஆறும் நான்காம் அடுக்கைச் சேர்ந்தவை. பொட்டலத்தின் எண்ணை வைத்துக்கொண்டு 'இது எந்த ஒலிப்பதிவு?' என்று கேட்பதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன.

மெழுகுக் காலம்: மேட்ரிக்ஸ் எண்ணே ஒலிப்பதிவின் பெயர்

காந்த நாடா வருவதற்கு முன், பாடகரின் குரல் நேராக மெழுகுத்தட்டில் வெட்டப்பட்டது. இடையில் ஒட்டுவேலை கிடையாது. பிழை வந்தால் புதிய மெழுகு, புதிய டேக் (ஒருமுறை பாடிப் பதிவது). ஆகவே ஒரு மேட்ரிக்ஸ் எண்ணும் அதன் டேக் எண்ணும் சேர்ந்தால் ஒரே ஒரு நிகழ்த்தலைத்தான் குறிக்கும். ஓபரா வரலாற்றில் இவ்வளவு துல்லியமான அடையாளம் பிறகு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

என்ரிகோ கருசோ பாடிய 'வெஸ்தி லா ஜூப்பா'வை எடுத்துக்கொள்வோம். 'பாலியாச்சி' ஓபராவின் இந்தப் பாடலை அவர் 1902, 1904, 1907 என மூன்று முறை பதிவு செய்தார். முதல் இரண்டிலும் பியானோ மட்டுமே துணை, மூன்றாவதில் இசைக்குழு. விக்டர் நிறுவனத்துக்காக 1907 மார்ச் 17இல் பதிவானதன் மேட்ரிக்ஸ் எண் சி-4317-1. இங்கே 'சி' என்றால் 12 அங்குலத் தட்டு ('பி' என்றால் 10 அங்குலம்), 4317 வரிசை எண், கடைசி 1 டேக். 1925இல் மின்வழிப் பதிவு வந்ததும் விக்டரின் முன்னொட்டு பிவிஇ, சிவிஇ என்று மாறியது. அதனால் முன்னொட்டைப் பார்த்தாலே அது கொம்புக் குழல் வழியே குரலைப் பிடித்த பழைய பதிவா, மைக் வழிப் பதிவா என்பது தெரிந்துவிடும்.

அதே தட்டின் பட்டியல் எண் 88061. இது வணிக எண். விக்டரின் சிவப்பு லேபிள் வரிசைகளில் பாடகர்களின் எண்ணிக்கையும் விலையும் பட்டியல் எண்ணிலேயே பதிந்திருந்தன. 88000 வரிசை தனிப்பாடல், 89000 இருவர் பாடல், 96000 பலர் சேர்ந்து பாடியது. 'லூசியா' ஓபராவின் அறுவர் பாடல் 1908இல் 96200 என்ற எண்ணில் 7 டாலருக்கு விற்றது. 1923இல் இருபக்கத் தட்டுகள் வந்தபோது இந்தப் பட்டியல் எண்கள் கைவிடப்பட்டுப் புதியவை வந்தன. மேட்ரிக்ஸ் மட்டும் மாறவில்லை.

ஐரோப்பாவில் கிராமஃபோன் கம்பெனி வேறு வழியில் போனது. முதல் இலக்கம் மொழி அல்லது நாடு, இரண்டாவது இலக்கம் வகை: இத்தாலிய ஆண்குரல் 52 ஆயிரம், பெண்குரல் 53 ஆயிரம். ஜெர்மன் ஆண்குரல் 42 ஆயிரம், பிரெஞ்சு ஆண்குரல் 32 ஆயிரம். முன்னால் 0 இருந்தால் 12 அங்குலம். ஆயிரம் எண்கள் தீர்ந்ததும் '2-52...' என்று முன்னொட்டு சேர்த்தார்கள். படியெடுக்கும்போது அந்த '2-'ஐ விட்டுவிட்டால் வேறொரு பாடகரின் தட்டுக்குப் போய்விடுவோம். பழைய பட்டியல்களில் இந்தப் பிழை நிறைய உண்டு.

முழு ஓபராத் தொகுப்புகளில் இன்னொரு சிக்கல். 8 தட்டுகள், 16 பக்கங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் திருப்பிப் போடுபவருக்கு ஒரே தட்டில் 1ம் 2ம் இருக்கவேண்டும். தட்டுகளைத் தானாக ஒன்றன்மேல் ஒன்று விழவைக்கும் கருவி வைத்திருப்பவருக்கு 1ம் 16ம் ஒரு தட்டில், 2ம் 15ம் அடுத்ததில் இருக்கவேண்டும். எனவே ஒரே தொகுப்பு இரண்டு பட்டியல் எண்களில் வந்தது. விக்டரில் 'எம்' என்றால் கைமுறை, 'டிஎம்' என்றால் தட்டு விழும் கருவிக்கானது. உடைந்த தட்டுக்கு மாற்றுத் தட்டு வாங்கும்போது பட்டியல் எண்ணை மட்டும் நம்பினால், தொகுப்பில் ஒரு பக்கம் இரண்டு முறை வந்து இன்னொரு பக்கம் காணாமல் போகும். பக்கத்துக்குப் பக்கம் மேட்ரிக்ஸை ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

மேட்ரிக்ஸும் கைவிரிக்கும் இடம் ஒன்று உண்டு. 1932இல் விக்டர், கருசோவின் பழைய குரல் பதிவின்மேல் புதிய இசைக்குழுவை ஏற்றி வெளியிட்டது. 'வெஸ்தி லா ஜூப்பா'வும் அவற்றில் ஒன்று. குரல் 1907, இசைக்குழு 1932. கேட்பவருக்கு அது வேறு பதிவுதான். ஆனால் பல மறுவெளியீடுகளின் உறையில் 'கருசோ, 1907' என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இராது.

நாடா வந்தபின்: அதே சொல், வேறு பொருள்

1950 வாக்கில் நாடாவில் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, பிறகே தட்டுக்கு மாற்றும் முறை நிலைத்தது. இதனால் மேட்ரிக்ஸ் எண்ணின் பொருளே மாறிவிட்டது. எல்பி-யின் மேட்ரிக்ஸ், அந்தப் பக்கத்துக்காக நாடாவிலிருந்து வெட்டிய மூலத்தகட்டைத்தான் சுட்டுகிறது. '-1' என்பதும் '-4' என்பதும் ஒரே நிகழ்த்தலின் வெவ்வேறு வெட்டுகள். 78 சுற்றுத் தட்டில் '-1', '-4' என்றால் பாடகர் வெவ்வேறு முறை பாடியவை. இந்த வேறுபாடு தெரியாமல் 'என்னிடம் இருப்பது வேறு டேக்' என்று எல்பி-க்குச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எண்ணைத் தேட வேண்டிய இடம், இசை வரிகள் முடிந்து லேபிள் தொடங்கும்வரை உள்ள வெறும் வளையம். விளக்கைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும். டெக்கா ஸ்டீரியோத் தட்டுகளில் ஜெட்ஏஎல் என்ற முன்னொட்டு, வரிசை எண், கோடு, வெட்டு எண், அதன்பின் ஓர் எழுத்து இருக்கும். அந்தக் கடைசி எழுத்து வெட்டிய பொறியாளரைக் குறிக்கும். பிரிட்டிஷ் கொலம்பியா தட்டுகளில் எக்ஸ்ஏஎக்ஸ் மோனோ, ஒய்ஏஎக்ஸ் ஸ்டீரியோ.

அச்சுத் தகட்டின் எண்ணை எழுத்துகளில் மறைத்து வைப்பது பிரிட்டிஷ் ஆலைகளின் வழக்கம். டெக்காவில் 'பக்கிங்ஹாம்' (BUCKINGHAM) என்ற பெயரின் பத்து ஆங்கில எழுத்துகள் வரிசையாக 1 முதல் 9, பிறகு 0. இஎம்ஐ-யில் 'கிராமஃப் எல்டிடி' (GRAMOPHLTD) என்பதன் பத்து எழுத்துகள் அதே வரிசையில். ஆக, 'ஜி' என்ற எழுத்து இஎம்ஐ தட்டில் 1, டெக்கா தட்டில் 7. இரண்டையும் மாற்றிப் படித்து ஏழாவது அச்சை முதல் அச்சு என்று விலை சொல்வது நடக்கிறது.

சிடி எண்ணும் பார்கோடும்

கார்லோஸ் கிளைபர் நடத்திய 'லா டிராவியாட்டா', டாய்ச்ச கிராமஃபோன் வெளியீடு. எல்பி எண் 2707 103. இதில் 2707 என்பதே இரண்டு தட்டுத் தொகுப்பு என்று சொல்லிவிடும், மூன்று தட்டுக்கு 2709. சிடி எண் 415 132-2. கடைசி இலக்கம் வடிவம்: 1 எல்பி, 2 சிடி, 4 கேசட்.

பார்கோடு 028941513229. இதைப் பிரித்தால் 02894 நிறுவனத்தின் பகுதி, அடுத்த 15132 2 என்பது '4' முதல் தொடங்கும் 415 132-2இன் எஞ்சிய இலக்கங்கள், கடைசி 9 சரிபார்ப்பு. அதாவது நிறுவனப் பகுதியின் இறுதி 4ம் பட்டியல் எண்ணின் முதல் 4ம் ஒன்றே. சரிபார்க்கும் முறை:

1. கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு ஒற்றைப்படை இடங்களைக் கூட்டுங்கள்: 0+8+4+5+3+2 = 22. அதை 3ஆல் பெருக்குங்கள்: 66.
2. இரட்டைப்படை இடங்கள்: 2+9+1+1+2 = 15.
3. மொத்தம் 81. அடுத்த பத்தின் மடங்கான 90க்கு எவ்வளவு குறைகிறது? 9. பொருந்துகிறது.

இந்த வகைப் பட்டியல் எண் மட்டும் கையில் இருந்தால் இந்த வழியில் பார்கோடை மீட்டெடுக்கலாம். உறை தொலைந்த தட்டுகளுக்கு மிகவும் உதவும். ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணை எக்செல் போன்ற விரிதாளில் தட்டினால் முன்னால் உள்ள 0 காணாமல் போகும். அந்த நெடுவரிசையை முதலிலேயே 'உரை' என்று அமைத்துவிட வேண்டும். 12 இலக்க யுபிசி பார்கோடுக்கு முன்னால் இன்னொரு 0 சேர்த்தால் 13 இலக்க இஏஎன். இரண்டும் ஒரே எண்தான், இரண்டு வெளியீடுகளாகப் பதியக் கூடாது.

உறையில் தெரியும் ஏடிடி, டிடிடி என்பவை அடையாளக் குறியீடே இல்லை. பதிவு, தொகுப்பு, மாஸ்டரிங் என்ற மூன்று கட்டங்களில் எது அனலாக், எது டிஜிட்டல் என்று சொல்லும் குறிப்பு மட்டுமே. சிடி-யின் உள்வளையத்தில் உள்ள ஐஎஃப்பிஐ குறிகள் 1994இல் வந்தவை. அவை இருந்தால் 'இது 1980களின் முதல் அச்சு' என்ற விற்பனைப் பேச்சை நம்ப வேண்டியதில்லை.

ஐஎஸ்ஆர்சி: இன்றைய மைய எண்

ஐஎஸ்ஓ 3901 என்ற தரத்தின்படி 1986 முதல் உள்ள குறியீடு இது. பன்னாட்டுப் பொறுப்பு ஐஎஃப்பிஐ அமைப்பிடம். எழுத்தும் இலக்கமுமாக 12 குறிகள். ஏஏ6க்யூ72000047 என்ற எடுத்துக்காட்டைப் பிரித்தால்: முதல் ஐந்து (ஏஏ6க்யூ7) எண் வழங்கும் உரிமை பெற்றவரின் முன்னொட்டு, அடுத்த இரண்டு (20) ஆண்டு, கடைசி ஐந்து (00047) வரிசை. ஒரு முன்னொட்டுக்கு ஓர் ஆண்டில் ஒரு லட்சம் எண்கள் கிடைக்கும். இடையில் போடும் கோடுகள் கண்ணுக்காக, குறியீட்டின் பகுதி அல்ல.

இதைப் பற்றிப் பரவலாக நிலவும் தவறான எண்ணங்கள்:

1. *முன்னொட்டு இன்றைய உரிமையாளரைக் காட்டும்.* காட்டாது. பதிவை வேறு நிறுவனத்துக்கு விற்றாலும் எண் மாறாது.

2. *ஆண்டு இலக்கம் பதிவான ஆண்டு.* விதிப்படி அது எண் வழங்கிய ஆண்டு. 1958 பதிவுக்கு 1990களில் எண் கொடுத்தால் 90களின் இலக்கமே வர வேண்டும். ஆனால் பழைய பட்டியல்களுக்கு எண் இட்டபோது வெளியீட்டு ஆண்டையே போட்டவர்களும் உண்டு. எனவே இந்த இரண்டு இலக்கத்தை எதற்கும் சான்றாக எடுக்காதீர்கள்.

3. *தவறான எண்ணைக் கணினி கண்டுபிடித்துவிடும்.* பார்கோடில் சரிபார்ப்பு இலக்கம் உண்டு, ஐஎஸ்ஆர்சி-யில் கிடையாது. ஒரு இலக்கம் மாறினால் அது இன்னொருவரின் செல்லுபடியாகும் எண்ணாகிவிடலாம். ஆங்கில 'ஓ'வும் பூஜ்யமும், 'ஐ'யும் ஒன்றும் மாறுவதே அதிகம்.

4. *ஒரு ஓபராவுக்கு ஒரு ஐஎஸ்ஆர்சி.* ஒரு டிராக்குக்கு ஒன்று. மூன்று மணி நேர ஓபராவுக்குப் பல பத்து எண்கள் ஆகும்.

இந்த நான்காவதுதான் ஓபராவைப் படுத்துகிறது. பாப் பாடலுக்கு எல்லை இயல்பாகவே உண்டு. ஓபராவில் இசை நிற்காமல் ஓடும்போது டிராக் எல்லையை ஒரு தொகுப்பாளர் தீர்மானிக்கிறார். ஆரம்பகாலச் சிடி-யில் வசனப்பாட்டும் ஏரியாவும் (தனிப்பாடல்) ஒரே டிராக், பிந்தைய பதிப்பில் இரண்டு. ஒலி மாறவில்லை, ஆனால் இரண்டு புதிய ஐஎஸ்ஆர்சி. வாக்னரின் ஒரு காட்சியை ஒரு பதிப்பு ஏழாகவும் இன்னொரு பதிப்பு ஒன்பதாகவும் பிரித்தால், எந்த எண்ணும் எதற்கும் நேராகப் பொருந்தாது.

பல நாள்களில் நடந்த நிகழ்ச்சிகளிலிருந்து ஒட்டிய நேரடிப் பதிவுக்கு, முடிவான டிராக்குக்கே ஓர் எண். எந்த இரவின் எந்தப் பகுதி என்பது எண்ணில் இராது, அதைத் தனியே எழுதி வைக்கவேண்டும். ஒரு ஏரியாவை அப்படியே எடுத்துத் தொகுப்புத் தட்டில் போட்டால் பழைய எண். வெட்டிச் சுருக்கினால் புதிய எண். ஒலி அளவை மட்டும் சரிசெய்தால் பழையது. ஒலியை மீட்டெடுத்து, படைப்புத் தீர்மானங்களோடு செய்த ரீமாஸ்டர் என்றால் புதியது. டால்பி அட்மாஸ் கலவைக்கு எப்போதும் தனி எண்.

எங்கே தவறுகிறது

சிடி-யில் ஐஎஸ்ஆர்சி, ஒலியோடு ஓடும் க்யூ துணைத்தடத்தில் இருக்கிறது. நொடிக்கு 75 சட்டகங்கள், அவற்றில் 100க்கு ஒருமுறையாவது எண் வரவேண்டும். படிக்கும் சில கருவிகள் டிராக் தொடக்கத்தில் முந்தைய டிராக்கின் எண்ணையே திருப்பித் தரும். இரண்டு வேறு கருவிகளில் படித்து ஒப்பிடுவது நல்லது.

மாஸ்டரிங் கட்டத்தில் நடக்கும் பிழை இதைவிட மோசம். கடைசி நேரத்தில் முன்னிசைக்கும் முதல் காட்சிக்கும் இடையில் ஒரு டிராக் சேர்க்கிறார்கள். எண் பட்டியலில் வரி சேர்க்க மறந்தால் அதற்குக் கீழே உள்ள எல்லா எண்களும் ஒரு படி நகர்ந்துவிடும். முதல் டிராக்கை மட்டும் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஆகவே கடைசி டிராக்கைச் சோதியுங்கள்.

பாடகர்களுக்குப் பணம் போகும் வழியும் இதுதான். ஒலிபரப்புக் கணக்கை அண்டை உரிமைச் சங்கங்கள் (பாடகர்களுக்கும் பதிவு நிறுவனங்களுக்குமான தொகையை வசூலிப்பவை) ஐஎஸ்ஆர்சி-யோடு பொருத்தி, அந்த எண்ணுக்குப் பதிவான கலைஞர்களுக்குப் பிரிக்கின்றன. ஓபராவில் டிராக்குக்கு டிராக் ஆட்கள் மாறுவார்கள். நேரம் மிச்சமாகட்டும் என்று முழுக் குழுவையும் எல்லா டிராக்குகளிலும் ஏற்றிவிட்டால், முன்னிசைக்குச் சோப்ரானோ பணம் பெறுவார். ஒரே காட்சியில் வந்து பாடிய சிறுபாத்திரப் பாடகரின் பங்கு கரைந்துபோகும். பெயர் அட்டையில் கூட வராத அந்தக் கலைஞர்களுக்கு இது ஒன்றே பதிவு. டிராக் வாரியாகக் குழுவை நிரப்புவது அலுப்பான வேலைதான், ஆனால் செய்தே ஆக வேண்டிய வேலை.

டெக்காவின் பெயர் இல்லாத ரைன்கோல்ட் எங்கிருந்து வந்தது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுக் காப்பு 50 ஆண்டாக இருந்து, 2011இன் ஆணையால் 70 ஆனது. ஆனால் ஏற்கெனவே காப்புக் காலம் முடிந்துபோன பதிவுகளுக்கு அது திரும்பவில்லை. நடைமுறையில் 1963க்கு முன் வெளியானவை அங்கே பொதுவுடைமை. 1959இல் வெளியான இந்த ரைன்கோல்டை அங்கே எந்த நிறுவனமும் தன் எல்பி-யிலிருந்து மாற்றித் தன் முன்னொட்டில் புதிய ஐஎஸ்ஆர்சி போட்டு வெளியிடலாம். அமெரிக்காவில் 2018இன் சட்டப்படி 1957 முதல் 1972 பிப்ரவரி நடு வரையிலான பதிவுகள் 2067 வரை காப்பில் உள்ளன. அதனால்தான் ஒரு நாட்டில் தெரியும் பதிப்பு இன்னொரு நாட்டில் தெரிவதில்லை. நிகழ்த்தல் ஒன்றே, ஐஎஸ்ஆர்சி வேறு. வெவ்வேறு ஐஎஸ்ஆர்சி என்றால் வெவ்வேறு நிகழ்த்தல் என்று முடிவு கட்டக் கூடாது.

இரண்டு வெளியீடுகள் ஒன்றா என்று பார்க்க

1. பதிவான இடம், நாள், நடத்துனர், முதன்மைப் பாடகர்கள். ரைன்கோல்டுக்கு வியன்னா சோஃபியன்சால், 1958 செப்டம்பர்-அக்டோபர், தயாரிப்பாளர் ஜான் கல்ஷா. இவை பொருந்தாவிட்டால் மேலே போகத் தேவையில்லை.
2. வட்டத்துக்குள் 'பி' குறியுள்ள ஆண்டு. இது ஒலியின் முதல் வெளியீட்டைச் சொல்லும். ரீமாஸ்டருக்குப் புதிய ஆண்டும் சேர்ந்திருக்கலாம். வட்டத்துக்குள் 'சி' உறைக்கும் எழுத்துக்கும் உரியது, இதற்கு உதவாது.
3. ஐஎஸ்ஆர்சி. ஐஎஃப்பிஐ-யின் இணையத் தேடலில் முதல், நடு, கடைசி டிராக்குகளைப் போட்டுப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் அநேகமாக அதே மாஸ்டர்.
4. வேறாக இருந்தால் டிராக் பிரிவை ஒப்பிடுங்கள். பிரிவு மாறியதால் எண் மாறியதா, ரீமாஸ்டரா, வேறு நிறுவனத்தின் மாற்றமா என்பது அங்கே தெரியும்.
5. எல்பி, 78 என்றால் ஒவ்வொரு பக்கத்தின் வளையத்தையும் தனித்தனியே எழுதுங்கள். லேபிளில் அச்சிட்டதை எழுதாமல், தட்டில் பொறித்ததை எழுதுங்கள். தொகுப்பில் ஒரு தட்டு பின்னாளில் மாற்றி வைத்ததாக இருப்பது சகஜம்.

பட்டியல் தயாரிக்கிறீர்கள் என்றால் படைப்பு, ஒலிப்பதிவு, வெட்டு, வெளியீடு நான்குக்கும் தனித்தனி நெடுவரிசை வையுங்கள். ஓபரா திரைப்படமாகவோ மேடைக் காணொளியாகவோ இருந்தால் ஐந்தாவதாக ஐஎஸ்ஏஎன் என்ற காட்சிப் படைப்பு எண்ணுக்கும் இடம் விடுங்கள். அதன் ஒலியை மட்டும் பிரித்து வெளியிட்டால் அந்த டிராக்குகளுக்குத் தனி ஐஎஸ்ஆர்சி வரும்.